செதில் வைத்த திமிங்கலம்

விருதுநகரில் சுந்தர்ராஜ் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். ‘லேபிள் சார்’ என்று கேட்டால் ஒரே ஒரு வீடுதான். ஆட்டோக்காரர்களுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். அவருக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, 2005-ஆம் வருடம் பங்குனிப் பொங்கல் வரைக்கும்.

உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். முப்பது வருடங்களாகத் தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள் சேர்த்தார். சனிக்கிழமை காலையில் துணிப்பையோடு சிவகாசி பஸ் ஏறுவார். அச்சகம் அச்சகமாகப் போய், கழிவுத் தாள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். “வாங்க சார், எங்க மொதலாளிய விட ஒங்களுக்குத்தான் இந்தக் குப்பை மேல பிரியம் சாஸ்தி” என்று மிஷின்காரர்கள் கிண்டல் செய்வார்கள். டீ வாங்கிக் கொடுத்து நல்ல தாளாகப் பார்த்து எடுத்தும் வைப்பார்கள். வீட்டில் நாற்பத்திரண்டு டிராயிங் நோட்டுகள். பக்கத்துக்கு ஆறு லேபிள். ஒவ்வொன்றின் கீழும் கிடைத்த தேதி, கிடைத்த இடம், அச்சிட்டவர் பெயர், சிவப்பு மையில்.

கிளி, ரோஜா, ராக்கெட், சிரிக்கிற குழந்தை, இவற்றோடு முப்பத்து முக்கோடியில் பாதிப்பேர் அந்த நோட்டுகளில் இருந்தார்கள். லட்சுமியையும் முருகனையும் சரத்தில் ஒட்டித் தெருவில் வைத்துக் கொளுத்தி, மறுநாள் காலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிற ஊரில், அதனால் எந்தச் சாமிக்கும் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை. அந்தச் சரங்களைக் கட்டுகிற பெண்கள் கருகிச் செத்தால் மட்டும் அது சாமி குற்றம், இல்லாவிட்டால் விதி என்று ஆகிவிடும்.

சுந்தர்ராஜ் சாருக்கு ஒரு சட்டம் உண்டு. லேபிள் ஒட்டப்படாததாக இருக்க வேண்டும். பசை, மடிப்பு, எழுத்து எதுவும் பட்டிருக்கக் கூடாது. கைபட்ட லேபிளை அவர் ‘எச்சில்’ என்பார். அச்சு மிஷினிலிருந்து விழுந்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தால்தான் அது லேபிள். மற்றதெல்லாம் காகிதம்.

அவர் மனைவி ஞானபூரணி அரசு மருத்துவமனையில் நர்ஸ். தீக்காயப் பிரிவில் பதினாறு வருடம். அந்த நோட்டுகளை அவர் ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த ஒருவர் அதிசயப்பட்டுக் கேட்டபோது, “அந்தப் படமெல்லாம் எங்கிட்டு இருந்து வருதுன்னு நான் தினமும் பாக்கேன்” என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார். சார் அதை நர்ஸ்களுக்கே உரிய வறட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

2002-ஆம் வருடம் சித்திரையில், ஓர் அச்சகத்தில் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்கள். ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு யாரிடமும் இல்லாத பெயர் வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. ‘இரட்டைத் திமிங்கலம்’ என்று பெயர் வைத்து லேபிளுக்கு ஆர்டர் கொடுத்தார். படம் போட்டவர் பிறந்து வளர்ந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். அவர் பார்த்த பெரிய தண்ணீர் அணைத் தண்ணீர், பார்த்த பெரிய மீன் கெண்டை. இரண்டு கெண்டைகளை ஆனை அளவுக்கு வரைந்து, உடம்பெல்லாம் பழைய எட்டணா அகலத்துக்குச் செதில் வைத்து, போதாததற்கு மீசையும் வைத்து, தலையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச விட்டிருந்தார். லேபிள் அச்சாகிக் கம்பெனிக்குப் போன பிறகு முதலாளியின் மகன் பார்த்துவிட்டு, திமிங்கலத்துக்குச் செதில் கிடையாது, அது மீனே கிடையாது என்று சொல்லியிருக்கிறான். முதலாளி வேறு படம் போடச் சொல்லிவிட்டார். ஆனால் அச்சடித்த லேபிளைக் குப்பையில் கொட்ட மனம் வருமா? எம். புதுப்பட்டிப் பக்கம் அவர் குத்தகைக்கு விட்டிருந்த ஒரு யூனிட்டுக்கு அதை அனுப்பிவிட்டார். லைசென்ஸ் கம்பெனி பெயரில்; வேலை நடப்பது குத்தகைக்காரன் கையில். அங்கே யார் செதிலைப் பார்க்கப்போகிறார்கள்?

சாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூட்டை மூட்டையாகத் தேடியும் ஒரு செதில் லேபிள்கூட அகப்படவில்லை.

ஜூலையில், ஒரு புதன்கிழமை முற்பகல், அந்த யூனிட் வெடித்தது.

நாலு பேர் உட்கார வேண்டிய ஏழாம் அறையில் பதினோரு பேரை உட்கார வைத்திருந்தார்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கடி. வெயில் ஏறிய பிறகு கலக்கக் கூடாத மருந்தைக் கலந்தார்கள். ஏழு பேர் செத்தார்கள். ஆறு பேர் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோடு வந்து, எங்கே வேலை பார்த்தோம் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவராகப் போனார்கள். சண்முகத்தாய் என்ற பெண் மட்டும் அங்கேயே முடிந்துவிட்டாள். உயிர் தப்பிய நாலு பேரும் மேஸ்திரியும் எங்கே போனார்கள் என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. மாலைக்குள் லாரி வைத்து இடத்தைச் சுத்தமாக அள்ளிவிட்டார்கள். நாள் பார்த்து நெருப்பு வைக்க விதிக்குப் பஞ்சாங்கம் தேவை. பதினோரு பேரை ஓர் அறையில் அடைக்க முதலாளியின் பேராசை போதும்.

கம்பெனி அறிக்கை விட்டது. அந்த யூனிட்டுக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லையாம். தங்கள் பெயரை யாரோ திருடி உபயோகித்திருக்கலாமாம். செத்தவர்களில் சண்முகத்தாய் தொழிலாளியே இல்லையாம். அந்த வழியாக ஆடு பத்திக்கொண்டு போனவளாம்.

சார் அந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். “வாய் கூசாமச் சொல்றான் பாருங்க” என்று கொதித்தார். உண்மையாகவே கொதித்தார். அதில் நடிப்பு இல்லை. ஆனால் அதே வாரம் சிவகாசியில் இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது: கம்பெனி ஆட்கள் அச்சகத்துக்கு வந்து செதில் திமிங்கலத்தின் பிளேட்டை வாங்கிப் போய்விட்டார்கள், யூனிட்டிலிருந்து அள்ளியதில் மிச்சமிருந்த தாள்களையும் கொளுத்திவிட்டார்கள். அதைக் கேட்டதும் அவர் தலைக்குள் ஒரு மூலையில், செத்தவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல, ஓர் எண்ணம் எழுந்தது. இனி அது எங்காவது ஒன்று இருந்தால், ஒன்றுதான் இருக்கும்.

வெடித்த பிறகு வந்த மூன்றாம் ஞாயிறு, சார் சேர்ந்த கிறிஸ்தவ சபையிலிருந்து ஜீப்பில் அரிசியும் சேலையும் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடானது. சுந்தர்ராஜ் சார் நானும் வருகிறேன் என்றார். வருடத்தில் பாதி ஞாயிறு கோயிலுக்கே வராத மனிதர். போதகர் நெகிழ்ந்துபோய், ஆராதனை முடிவில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, வாத்தியார் மட்டும் மூட முடியாமல் நின்றார்.

ஏழு வீட்டிலும் அவர் கண் சுவரையும் மாடத்தையும்தான் மேய்ந்தது. ஏழாவது வீடு ராக்காயி அம்மாவுடையது. சண்முகத்தாய் அவருக்கு ஒரே மகள். ஓட்டு வீடு. வாசல் பக்கச் சுவரில் ஒரு ரசம் போன கண்ணாடி. கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, ஒரு ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. நீல நிறம். மீசை.

அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. துக்க வீட்டில், செத்தவளின் தாய் எதிரில், சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அதை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ராக்காயி அம்மாவே எடுத்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். “மேஸ்திரி கொடுத்த சீட்டு சார். கேட்ல காமிச்சுட்டுப் போகணும்பா. ரெண்டு நாள் கொண்டு போனா. பெறகு வாச்மேன் மொகந் தெரிஞ்சு விட்டுட்டான்னு இங்கன செருகிட்டுப் போயிட்டா.”

உள்ளங்கை அளவு. மடிப்பில்லை. நிறம் மங்கவில்லை. கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஆர்டர் எண்ணும் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில். திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் மூன்று வரி. அவருக்கு முதலில் வந்தது ஏமாற்றம். எச்சில்.

“இது எனக்குக் கெடைக்குமாம்மா? நான் இந்த மாதிரிப் படங்களைச் சேத்து வைக்கிறவன்.”

“காகிதந்தான சார். கொண்டு போங்க.”

அவர் எழுந்துபோய் ஜீப்பிலிருந்து இன்னோர் அரிசிப் பையைக் கொண்டுவந்து வைத்தார். ராக்காயி அம்மாவுக்கு விளங்கவில்லை. “இந்தக் காகிதத்துக்கா? வேணாம் சார், மத்த வீட்டுக்குக் குடுங்க” என்றார். பிறகு, கசங்கிவிடுமே என்று, உள்ளே போய் ஒரு பழைய காலண்டர் அட்டையைத் தேடி எடுத்துவந்து, நடுவில் வைத்துக் கொடுத்தார். அந்த அரிசிப் பை வாசலிலேயே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் சார் மேசையில் உட்கார்ந்தார். துகள் கீழே சிந்தாமல் இருக்க அன்றைய தினத்தாளை விரித்தார். லேபிளைக் குப்புறப் போட்டார். மேஸ்திரியின் எழுத்து மரத்தில் குறி போடுகிற கை; அழுத்தி எழுதியிருந்தான். முதலில் ரொட்டித் துணுக்கால் ஒற்றினார். பிறகு மெத்தென்ற ரப்பரால், ஒரே திசையில், தாளின் பளபளப்புப் போகாமல் தேய்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வேலை. ஒரு மணி நேரத்தில் மூன்று வரியும் போய்விட்டது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் பள்ளம் தெரியும்.

ரப்பர் துகளோடு தினத்தாளை மடித்தபோது அதில் கம்பெனியின் இரண்டாவது அறிக்கை இருந்தது. சண்முகத்தாயும் ஆடுகளும் மறுபடியும். காலையில் அவர் அதைப் படித்திருந்தார், திட்டியும் இருந்தார். காலையில் திட்டிய வாயும் சாயங்காலம் அழித்த கையும் ஒரே ஆளுடையவை என்பது அன்று அவருக்கு உறைக்கவில்லை. பின்னாளில் அவர் தன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது இதைத்தான்: உறைக்கவில்லையா, உறைக்க விடவில்லையா?

அந்த லேபிளுக்கு நோட்டில் இடம் கொடுக்கவில்லை. தேக்குச் சட்டம் போட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, அலமாரியில் தனியாக வைத்தார். வெளியூரிலிருந்து வருகிற லேபிள் பிரியர்கள் அதை வாய்க்குள் ஈ போவது தெரியாமல் பார்ப்பார்கள். சென்னையிலிருந்து ஒருவர் தன் முழுச் சேகரிப்பையும் தருகிறேன், இதைக் கொடுங்கள் என்றார். சார் சிரித்தார். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஞானபூரணி அந்த அலமாரியைத் துடைக்கும்போது சட்டத்தை மட்டும் தொடாமல் துடைப்பார்.

மூன்று வருடம் போனது. 2005-இல், மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் சாருக்கு ஒரு ஸ்டால் கொடுத்தார்கள். நடுநாயகமாகச் செதில் திமிங்கலம். கீழே அவரே அழகாக எழுதிய அட்டை: ‘உலகில் ஒன்றே ஒன்று.’

அக்கினிச் சட்டி எடுக்கிற நாள். ஊரே மஞ்சள் சேலையாக இருந்தது. மதியத்துக்கு மேல் ராக்காயி அம்மா ஸ்டாலுக்குள் வந்தார். ஈரச் சேலை, உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றியிருந்தன. மகளைத் தீயில் பறிகொடுத்த தாய், இழப்பீட்டு வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று தீயைக் கையில் ஏந்தி ஊர் சுற்றி வந்திருந்தார். கம்பெனி முதலாளியும் அதே அம்மனுக்கு அதே வாரம் பட்டுச் சாத்தியிருந்தார் என்பதை அவரிடம் யார் சொல்வது?

சாரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தைத்தான் பார்த்தார். மீசையைப் பார்த்தார். அப்புறம் சாரைப் பார்த்தார்.

“நீங்க கோயில் ஜீப்புல வந்த வாத்தியார்தான? நல்லா இருக்கீகளா? ஒங்களத்தான் சார் தேடிட்டு இருக்கோம். பேரும் தெரியல, ஊரும் தெரியல. போன மாசந்தான் தொழிலாளர் சங்கத்துல சொன்னாக, அங்கிட்டு வேல பாத்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் போதும்னு. எனக்கு அப்பத்தான் ஞாபகமே வந்துச்சு.”

இது அதுதானா என்று அந்த அம்மா கேட்கவில்லை. பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார். சுற்றிலும் ஆட்கள். அவர் சட்டத்தைக் கழற்றித் திருப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ராக்காயி அம்மா வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியில் தன் முகம் மறைக்கிறதோ என்று தலையை நகர்த்திப் பார்த்தார்.

“இது இல்ல சார். அதுல எளுத்து இருந்துச்சு.”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அவர் சட்டத்தைத் திருப்பி, முன்பக்கம் தெரிய மறுபடியும் மாட்டினார்.

“அது எங்கன போச்சோ. நீங்க என்ன செய்வீக, காகிதந்தான, பறந்திருக்கும்” என்று ராக்காயி அம்மாவே அவருக்காகச் சமாதானம் சொன்னார். “தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கிடுங்க” என்று கும்பிட்டார். கன்றிய கையால் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

சார் ஸ்டாலை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஞானபூரணி காலை டியூட்டி முடிந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். சார் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஜீப்பில் போனது எதற்காக என்பதையும் சொன்னார். ஞானபூரணி மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

“வார்டுல ஆள் செத்தா கைல பிளாஸ்டர் ஒட்டிப் பேர் எழுதுவோம்” என்றார் கடைசியில். “மொகம் இருக்காதுல்ல. அந்த எழுத்துதான் ஆளு. நான் ஒரு நாள்கூட அதப் பென்சில்ல எழுதினதில்லங்க.”

சாயங்காலம் வழக்கம்போல் தோசை வார்த்தார்.

இப்போதாவது சார் ஓடியிருப்பார் என்று நினைக்கலாம். நாலு நாள் ஓடவில்லை. லேபிளைக் கொடுத்துவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். அதில் அவருக்கு வலி இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. முன்பக்கம் ஒன்றே போதுமே என்று மனம் வழக்காடியது. அச்சகத்தின் பெயர் இருக்கிறது, ஆர்டர் எண் இருக்கிறது. செதில் லேபிள் போனது அந்த ஒரு யூனிட்டுக்குத்தான். கம்பெனியின் பொய் அதிலேயே உடைந்துவிடும். பின்பக்கத்தைப் பற்றிப் பேசுவானேன்? எழுத்தைப் பற்றி ராக்காயி அம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும்? அவரும் இது அது இல்லை என்று சொல்லிவிட்டார். லேபிள் கொடுத்த வள்ளல் என்று பெயர்கூட வரும்.

ஐந்தாம் நாள் காலையில் சவரம் செய்யும்போது இந்த வள்ளல் என்ற சொல் நினைவு வந்தது. பாதிச் சவரத்தோடு எழுந்துவிட்டார்.

சட்டத்தைப் பிரித்தார். லேபிளைக் குப்புறப் போட்டார். பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காசை வைத்துத் தாளில் தேய்த்துப் படம் எடுப்பார்களே, அதேபோல மென்மையான பென்சிலைப் படுக்க வைத்து, பின்பக்கம் முழுக்கத் தேய்த்தார். வெள்ளை கறுத்தது. உலகில் ஒன்றே ஒன்று என்று எழுதி வைத்த பொருளைத் தன் கையாலேயே எச்சிலாக்கினார். கறுப்புக்கு நடுவே, பள்ளம் விழுந்த இடத்தில், மேஸ்திரியின் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. முழுசாக வரவில்லை. ‘தாய்’ தெளிவாக வந்தது. அதற்கு முன்னால் இருந்த எழுத்துகளில் அவர் ரப்பர் நன்றாக வேலை செய்திருந்தது.

சிவகாசியில் சங்கத்து ஆபீஸ் மாடியில் இருந்தது. வழக்கைக் கவனித்துவந்த சங்கரலிங்கம், தானே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து வளர்ந்த மனிதர். இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நிற்கும். சார் சொன்னதை முழுசாகக் கேட்டார். லேபிளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கம்பெனிக்காரன் லாரி வச்சு அள்ளுனான். அள்ளுன ஆளுக்குக் கூலி கெடச்சுச்சு. நீங்க சும்மாவே அழிச்சிருக்கீக” என்றார். பிறகு, தணிந்த குரலில், விசாரணையில் வந்து இதையே சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன் என்றார் சார்.

இழப்பீட்டு விசாரணை ஆடி மாதம் வந்தது. லேபிளின் முன்பக்கம் தன் வேலையைச் செய்தது. அச்சகத்து ஆர்டர் புத்தகத்தை வரவழைத்தார்கள், எண் ஒத்துப்போனது. செதில் திமிங்கலம் கம்பெனியின் பிள்ளைதான் என்று ஆனது. திருட்டுப் பெயர் கதை அங்கேயே படுத்துவிட்டது.

பின்பக்கம் வந்தபோது கம்பெனி வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர். குரல் உயர்த்தவில்லை.

எழுத்தை அழித்தது யார் என்று கேட்டார். நான் என்றார் சார். மூன்று வருடம் கழித்துப் பென்சில் தேய்த்து வரவழைத்தது யார்? நான். நடுவில் இது யார் வசம் இருந்தது? என் வசம்.

“நீங்கள் ஓவிய ஆசிரியர் அல்லவா?”

“ஆமாம்.”

“அடுத்தவர் கையெழுத்தைப் பார்த்து அப்படியே எழுத உங்களுக்கு வருமா?”

சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். ‘வராது’ என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் ஒருவேளை தப்பியிருக்கலாம். சாருக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் பள்ளிச் சான்றிதழ்களில் உள்ள தலைமை ஆசிரியர்கள் நாலு பேரின் கையெழுத்தையும் விளையாட்டுக்குப் போட்டுக் காட்டுகிற அவர் கைவரிசை விருதுநகர் முழுக்கத் தெரிந்த சங்கதி. வக்கீலும் அவர் பள்ளியில் படித்தவர்தான்.

“வரும்” என்றார்.

உத்தரவு ஐப்பசியில் வந்தது. கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்த ஆறு பேரும் தொழிலாளிகள். சண்முகத்தாயைப் பொறுத்தவரை, அவர் அங்கே பணியாற்றியதற்கு அளிக்கப்பட்ட ஒரே ஆவணம் அழிக்கப்பட்டுத் திருத்தப்பட்டிருப்பதால் ஏற்பதற்கில்லை.

சீட்டைக் காத்து வைத்துக் கொடுத்தவள் தாய். அதனால் ஆறு வீடு பிழைத்தது. அவள் வீடு பிழைக்கவில்லை. காகிதத்தில் சண்முகத்தாய் இன்றும் ஆடு பத்திக்கொண்டுதான் போகிறாள். ராக்காயி அம்மா வீட்டில் ஆடே கிடையாது.

உத்தரவு படித்த அன்று வராந்தாவில் ஆறு வீட்டாரும் ராக்காயி அம்மாவைச் சுற்றி நின்றார்கள். சந்தோஷப்படவும் முடியாமல், அழவும் முடியாமல் நின்றார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று சங்கரலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சார் கொஞ்சம் தள்ளி, தூணோரம் நின்றார். திட்டுவார்கள் என்று வந்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. ராக்காயி அம்மா எழுந்து அவரிடம் வந்தார்.

“சார், எனக்குத்தான் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சிருக்கீகள்ல, அழிக்கிறதுக்கு முன்ன?”

“படிச்சேன்மா.”

“என்ன எளுதியிருந்துச்சு?”

அந்த மூன்று வரி பூமியில் இப்போது இருந்தது அவர் ஒருவரிடம்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏழாம் ரூம். சண்முகத்தாய். திங்கள் முதல் சனி வரை வேலைக்கு வரவும்.”

“பேரு முளுசா இருந்துச்சா? தாயின்னு மட்டுமா?”

“முழுசா இருந்துச்சு.”

“சனி வரைக்குமா?” ராக்காயி அம்மா விரல் விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன். மூன்றாவது விரலில் நின்றுவிட்டார். மிச்ச விரல்களை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அப்புறம் சொன்னார்: “இன்னொரு மட்டம் சொல்லுங்க சார். கொஞ்சம் சத்தமா. இவுகளும் கேக்கட்டும்.”

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கம்பெனி வக்கீலும் படியில் நின்று திரும்பினார். சுந்தர்ராஜ் சார், வகுப்பில் வருகைப் பதிவு கூப்பிடுகிற குரலில், மூன்று வரியையும் முதலிலிருந்து சொன்னார்.